முடி வளரும், மை போகாது

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி திறக்கும் நேரத்தில் முடி, கம்மல், கயிறு, டாட்டூ என்று பிள்ளைகளின் தோற்றம் பற்றி வந்த கேள்விகள் இவை. பள்ளி உளவியல் ஆலோசகர், முடி திருத்தும் தொழிலைக் கற்றுத்தருபவர், தோல் மருத்துவர், குழந்தைகள் உரிமை வழக்கறிஞர் ஆகியோர் கூடிப் பேசிப் பதில்களை எழுதியிருக்கிறார்கள்.

கே: பத்தாம் வகுப்புக்குப் போகும் என் மகன் லீவில் முன்முடியைப் பொன்னிறமாக்கிக்கொண்டான். பள்ளி திறக்க ஐந்து நாள் இருந்தபோது கடைக்குக் கூட்டிப்போய்க் கறுப்பு டை போட்டோம். இரண்டு தடவை குளித்ததும் பாசி பிடித்த மாதிரி பச்சை அடிக்கிறது. மொட்டை போடுவதைத் தவிர வேறு வழி இல்லையா?
— ஒரு அம்மா, வியாசர்பாடி

ப: மொட்டை வேண்டாம் அம்மா. பச்சை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சரிசெய்துவிடலாம்.

நம் முடியின் கறுப்புக்கு அடியில் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் இருக்கின்றன. ப்ளீச் போட்டால் முதலில் கறுப்பு கழன்று செம்பழுப்பு தெரியும். அப்புறம் ஆரஞ்சு, அதற்கும் அப்புறம் மஞ்சள். உங்கள் பையனுக்குப் பொன்னிறம் வந்துவிட்டது என்றால் சிவப்பு முழுக்கப் போய்விட்டது. கடையில் விற்கும் கறுப்பு டையில் பெரும்பாலும் நீலச் சாயல் இருக்கும். மஞ்சள்மேல் நீலம் ஏறினால் பச்சைதான். தவிர, ப்ளீச் பட்ட முடியின் மேல் செதில்கள் திறந்தே கிடக்கும். சாயம் சட்டென்று ஏறும், வந்த வேகத்தில் கழுவியும் போகும்.

எனவே போன சிவப்பை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். சலூன்காரர்கள் இதை 'ஃபில்லர்' போடுவது என்பார்கள். அம்மோனியா இல்லாத, செம்பு அல்லது செம்பழுப்பு நிறக் கலரை ப்ளீச் பட்ட இடத்தில் மட்டும் தடவி, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வரை வைத்து அலச வேண்டும். அதன்மேல் 'கறுப்பு' வேண்டாம், 'டார்க் பிரவுன்' போடச் சொல்லுங்கள். ப்ளீச் பட்ட முடி எந்த நிறத்தையும் ஒரு படி கூடுதலாகவே கறுத்துக் காட்டும். கலரோடு கலக்கும் திரவமான டெவலப்பர் 10 வால்யூம் போதும். அதாவது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கடைக்காரர் பழக்கத்தில் 20 (6 சதவீதம்) அல்லது 30 (9 சதவீதம்) எடுத்தால் நிறுத்துங்கள். அவை நிறத்தை எடுப்பதற்கு. இங்கே நிறத்தை உட்கார வைக்கத்தான் போகிறோம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கலவையில் ஒரு துளியைக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தடவி 48 மணி நேரம் பாருங்கள். கறுப்பு டைகளில் இருக்கும் பிபிடி என்ற பாரா ஃபினைலீன் டயமைன் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். முகமும் கண் இமையும் வீங்கிவிடும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் வாழ்நாள் முழுக்க ஒத்துக்கொள்ளாது. முதல் தடவை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வாமை பலருக்கு இரண்டாவது, மூன்றாவது முறையில்தான் வெடிக்கும்.

ரசாயனமே வேண்டாம் என்றால் மருதாணி, அவுரி (நீலச் சாயம் தரும் செடி) இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம். கலப்பில்லாத மருதாணிப் பொடியைக் குழைத்து மூன்று மணி நேரம் வைத்து அலசினால் முடி ஆரஞ்சாகும். அதன்மேல் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து அலச வேண்டும். அன்றைக்குப் பார்த்தால் கொஞ்சம் பச்சையாகத்தான் தெரியும். காற்றுப் பட்டு இரண்டு நாளில் கறுக்கும். மருதாணி இல்லாமல் அவுரி மட்டும் போட்டால் மறுபடியும் பச்சைதான். 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் பாக்கெட் பக்கமே போகாதீர்கள். அதில் பிபிடியோ உலோக உப்போ சேர்த்திருப்பார்கள். உலோக உப்பு ஏறிய முடியில் பின்னால் ப்ளீச் பட்டால் சூடேறி முடி பொடிந்துவிடும்.

மூன்று நாளைக்கு ஷாம்பு வேண்டாம். சூடான எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டால் போட்ட நிறமெல்லாம் அதோடு போகும். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது வேரிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் சொந்தக் கறுப்பு வந்திருக்கும். அப்போது நிறம் போட்ட நுனியை வெட்டிவிடலாம். அடுத்த லீவில் அவனுக்கு ஆசை வந்தால் ஹேர் வேக்ஸ் கலர் வாங்கிக்கொடுங்கள். ப்ளீச் படாத முடியில் ஒரு குளியலில் போய்விடும்.

கே: நான் பதினொன்றாம் வகுப்பு. 'ஒன் சைடு' கட்டிங் வைத்திருந்தேன். பிரேயரில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, 'புள்ளிங்கோ' என்று திட்டிக் கத்தரிக்கோலால் ஒரு பக்கம் கொத்தாக வெட்டிவிட்டார்கள். பள்ளிக்கு அந்த உரிமை இருக்கிறதா?
— ஒரு மாணவன், திருவள்ளூர் மாவட்டம்

ப: தம்பி, இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் உன் பக்க நியாயம் எடுபடாது.

முடி எப்படி இருக்க வேண்டும் என்று பள்ளி விதி வைக்கலாம். மீறினால் பெற்றோரை அழைக்கலாம், எழுத்தில் எச்சரிக்கலாம். ஆனால் உன் உடம்பில் கை வைத்து முடியை வெட்டுவதும், கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்துவதும் அந்த அதிகாரத்தில் வராது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் கணக்கில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரை. உனக்கு அந்த வயது தாண்டியிருக்கும். அதனால் நீ கைவிடப்பட்டவன் ஆகிவிட மாட்டாய். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது வரை செல்லும். ஒரு குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே அதைத் தாக்கினாலோ தேவையில்லாத மன, உடல் துன்பம் கொடுத்தாலோ அதன் 75-ஆம் பிரிவு குற்றம் என்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். இன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுது: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள். திட்டாமல், கூட்டாமல், நடந்ததை நடந்தபடி எழுது. வெட்டப்பட்ட முடியை அன்றைக்கே ஒரு படம் எடுத்து வை. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுக்கட்டும். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். மாநிலக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இலவசம். வெட்டிய அன்றே வீடியோ போட்டு ஆசிரியர் பெயரைச் சொல்லிப் பரப்பாதே. பேச்சு உன் முடியை விட்டு உன் வீடியோவுக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது விதியைப் பற்றி. 'ஒழுங்காக முடி வெட்டிக்கொண்டு வரவும்' என்று எழுதினால் அது விதியே இல்லை. ஆளுக்கு ஓர் ஒழுங்கு. மெஷினில் மாட்டும் சீப்புக்கு நம்பர் இருக்கிறது: 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. 'பக்கவாட்டில் 3-க்குக் குறையாமல், மேலே இரண்டு அங்குலத்துக்கு மிகாமல், நிறமும் கோடும் இல்லாமல்' என்று எழுதிவிட்டால் மாணவனுக்கும் தெரியும், சலூன் அண்ணனுக்கும் தெரியும், வாசலில் நிற்கும் ஆசிரியருக்கும் தெரியும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். இதை அங்கே பேசச் சொல்லி வீட்டில் கேள். நீயும் பக்கங்களை 3-க்கு வளரவிடு. ஜீரோவிலிருந்து ஒரு மாதம் ஆகும்.

'புள்ளிங்கோ' பற்றி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 'பிள்ளைகள்' என்ற சொல்லை வட சென்னை உச்சரிக்கும் விதம் அது. கானா வழியே இணையத்தில் பரவி, நிறம் போட்ட முடியும் ஒட்டிய பேன்ட்டும் போட்ட பையன்களுக்குப் பெயரானது. அவர்கள் அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். அதே சொல்லை மேடையில் நின்று வசையாக்கும்போது, பையனின் முடியை மட்டும் நாம் திட்டவில்லை. அவன் தெருவையும் வீட்டையும் சேர்த்தே திட்டுகிறோம். கான்வென்ட் பையன் வைக்கும் அண்டர்கட் 'ஸ்டைல்', குடிசை மாற்று வாரியக் குடியிருப்புப் பையன் வைத்தால் 'ரவுடி' என்பதைப் பிள்ளைகள் நன்றாகக் கவனிக்கிறார்கள்.

கே: எங்கள் பள்ளியில் மாணவர்கள் கையில் நிறக் கயிறு கட்டி வருகிறார்கள். எந்த நிறம் எந்தச் சாதி என்று எல்லாருக்கும் தெரியும். கழற்றச் சொன்னால் 'முடிக்கு மட்டும் உரிமை, கயிறுக்கு இல்லையா சார்?' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— ஓர் ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

ப: கெட்டிக்காரக் கேள்வி. நேரான பதில் கொடுக்க வேண்டிய கேள்வியும்கூட.

முடியாலும் உடையாலும் அடையாளம் காட்டும் பிள்ளைகளின் குழு என்பது அவர்களாகத் தேடிப்போய்ச் சேர்வது. இன்றைக்குக் கானா, நாளைக்குப் பிரேக்டான்ஸ், அடுத்த வருஷம் ஒன்றுமில்லை. பிடிக்காவிட்டால் வெளியே வந்துவிடலாம், வேறு தெருப் பையனும் உள்ளே வரலாம். சாதிக் கயிற்றில் இந்த இரண்டும் கிடையாது. பிறந்தபோதே ஒதுக்கிய நிறம் அது. பக்கத்து பெஞ்சுப் பையன் ஆசைப்பட்டு அந்த நிறத்தைக் கட்டினால் அடி விழும். தன்னை வெளிப்படுத்துவது வேறு, எதிரில் நிற்பவனுக்கு அவன் இடத்தைக் காட்டுவது வேறு. இதை அவர்களிடம் இப்படியே சொல்லுங்கள். பதினாறு வயதுக்கு நன்றாகப் புரியும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிக்குள் தடை செய்யச் சொன்னது. சைக்கிளில் அடிக்கும் சாதி வண்ணமும் அதில் வருகிறது.

நடைமுறையில் எங்கே சறுக்கும் என்று பாருங்கள். வாசலில் நின்று கத்தரித்தால் அன்று மாலையே அது 'நம்ம கயிறை அறுத்துட்டாங்க' என்று ஊருக்குப் போய்ச் சேரும். வெட்டியவர் எந்தச் சாதி என்ற பேச்சு கிளம்பும். ஒரு நிறத்தை மட்டும் தடுத்தாலும் அதே கதை. ஆகவே விதி எல்லாக் கயிற்றுக்கும், ரப்பர் வளையத்துக்கும், துணிப்பட்டைக்கும் பொதுவாக இருக்கட்டும். கல்வியாண்டு தொடங்கும்போதே பெற்றோர் கூட்டத்தில் படித்துக் கையெழுத்து வாங்குங்கள். கோயில் கயிறு, தர்காவில் மந்திரித்த கயிறு என்று வருபவர்களுக்காக ஒரே அளவு சொல்லலாம்: ஒற்றைப் புரி, சட்டைக்குள் மறையும்படி, இடுப்பிலோ மேல்கையிலோ. விதியை எழுதும்போது எல்லாத் தரப்புப் பெற்றோரும் அறையில் இருக்க வேண்டும்.

கழற்றுவது அவர்கள் கையாலேயே நடக்கட்டும். ஒவ்வொருவரையும் தனியே அழைத்து ஒரு வாரம் தவணை கொடுங்கள். முதலில் கட்டிவரும் இரண்டு மூன்று பேர் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியே இருக்கும் அண்ணன்கள் கட்டிவிடுவதால்தான் பெரும்பாலும் அவர்கள் கையில் கயிறு ஏறுகிறது. கழற்றினால் தெருவில் அடி வாங்குவோம் என்ற பயத்தில் கட்டுகிறவனும் உண்டு. அவனைத் தண்டித்தால் இரண்டு பக்கமும் அடி.

கயிறு போனபின் நிறம் வேறு இடத்துக்குத் தாவும்: பனியன், பொட்டு, பேனா மூடி, போன் முகப்புப் படம், இன்ஸ்டா பெயரின் பின்னொட்டு. ஒவ்வொன்றையும் துரத்த முடியாது. உட்காரும் இடத்தை அகர வரிசையில் வையுங்கள். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எழுப்பிக் கேட்காமல் தனியே அழைத்துக் கேளுங்கள். விளையாட்டு அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, அந்த அணிக்கு ஒரு நிற ஜெர்சி கொடுங்கள். நிறத்தின்மேல் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசை நிஜமானது. அது போவதற்கு வேறொரு வழி வேண்டும்.

கே: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். காது மேல்பகுதியில் குருத்தெலும்பில் குத்திக்கொள்ள ஆசை. அரையாண்டு லீவில் குத்தினால் பள்ளி திறக்கும்போது கழற்றிவிடலாமா?
— ஒரு மாணவி, கோயம்புத்தூர்

ப: முடியாது. காது மடலின் மென்மையான கீழ்ப்பகுதி ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மேலே குருத்தெலும்பு ஆற ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரைகூட ஆகலாம். அரையாண்டு லீவு பத்து நாள் போலத்தான். ஆறுவதற்கு முன் கழற்றினால் ஓட்டை சில மணி நேரத்திலேயே சுருங்கும். மறுபடி திணித்தால் உள்ளே கிழியும்.

குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி புகுந்தால் மருந்து போய்ச் சேர்வது கஷ்டம். காது சிவந்து, சூடாகி, விண்விண் என்று வலித்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விட்டால் மடல் சுருண்டு வடிவமே மாறிப்போகும். ஃபேன்சி ஸ்டோரில் 'டப்' என்று அடிக்கும் கன் இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. மொண்ணையான கம்மலை அழுத்தித் திணிப்பதால் குருத்தெலும்பு நசுங்கும், அந்தக் கருவியை முழுமையாகச் சுத்திகரிக்கவும் முடியாது. வீட்டில் யாருக்காவது தழும்பு தடித்துக் கட்டியாக வளரும் உடல்வாகு இருந்தால் இந்த ஆசையை விட்டுவிடு.

கீழ்மடலில் இரண்டாவது ஓட்டை என்றால் மே மாத முதல் வாரத்தில் குத்திக்கொள். பள்ளி திறந்தபின் சில வாரம் மட்டும் சின்னக் கம்மல் இருக்கும். அதற்கு முன்பே அனுமதி கேட்டு வை. ஒருமுறை பயன்படுத்தும், உள்ளே துளையுள்ள ஊசி, டைட்டானியம் அல்லது 14 காரட்டுக்குக் குறையாத தங்கம். மலிவுக் கம்மலில் நிக்கல் இருக்கும், அரித்துக்கொண்டே இருக்கும். காலையும் மாலையும் மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைனில் பஞ்சை நனைத்து ஒற்றி எடு. மஞ்சள், தேங்காய் எண்ணெய், விளக்குமாற்றுக் குச்சி எதுவும் வேண்டாம். பாட்டி காலத்தில் ஆறியது உண்மைதான். சீழ் பிடித்ததும் உண்மைதான். பிளாஸ்டர் போட்டு மறைத்தால் வியர்வை தேங்கிப் புண்ணாகும்.

கே: 16 வயது மகன் மணிக்கட்டில் அம்மா பெயரை டாட்டூ போட வேண்டும் என்கிறான். பாசம்தானே என்று அவள் உருகுகிறாள். எனக்குத் தயக்கம்.
— ஓர் அப்பா, மதுரை

ப: உங்கள் தயக்கம் சரி. 18 வரை காத்திருக்கட்டும். முடி வளரும், காது ஓட்டை தூர்ந்துவிடும், தோலுக்கு அடியில் போன மை போகாது.

லேசரில் அழிக்கலாம் என்பார்கள். ஆறிலிருந்து எட்டு வார இடைவெளியில் பல அமர்வுகள் வேண்டும். கறுப்பு மை ஓரளவு கரையும், பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும். நம் தோல் நிறத்தில் மை போன இடம் வெளுத்து, எழுத்து வெள்ளையாகத் தெரிவதும் உண்டு. ராணுவம், காவல்துறை ஆசை இருந்தால் இன்னும் கவனம். டாட்டூ உடலின் எந்த இடத்தில், எந்த அளவில் இருக்கலாம் என்பதற்கு ராணுவத்தில் கட்டுப்பாடு உண்டு. தேர்வு அறிவிப்பைப் படிக்காமல் ஊசி வைக்கக் கூடாது. போட்டபின் ஓராண்டுக்கு ரத்ததானமும் செய்ய முடியாது.

ஒட்டுமொத்தமாக 'கூடாது' என்று சொல்லிவிட்டால் வேறு ஆபத்து வரும். ஹாஸ்டலிலும் கடைசி பெஞ்சிலும் தையல் ஊசியில் பேனா மை தொட்டுக் குத்திக்கொள்கிறார்கள். ஒரே ஊசி நான்கு கை போனால் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பரவ வழி. திருவிழாக் கடையில் அரை மணி நேரத்தில் கறுக்கும் 'மருதாணி டாட்டூ'வும் வேண்டாம். முதல் பதிலில் சொன்ன பிபிடிதான் அது, கொப்புளித்துத் தழும்பாகும். தண்ணீரில் ஒட்டும் ஸ்டிக்கர் டாட்டூவில் அம்மா பெயரை அவனே வடிவமைத்து ஒரு வருஷம் போட்டுப் பார்க்கட்டும். அதே எழுத்து, அதே இடம் 18-லும் வேண்டும் என்றால் அப்போது பேசலாம்.

கே: மகள் எப்போதும் கறுப்பு உடை, கறுப்பு நகப்பாலிஷ், வெயிலிலும் ஹூடி. யாரோ 'எமோ' என்றார்கள். மன அழுத்தமா?
— ஒரு அம்மா, திருச்சி

ப: கறுப்பு உடை நோயின் அடையாளம் இல்லை. 'காத்' என்ற பாணி 1970-களின் கடைசியில் பிரிட்டனின் இசைக் குழுக்களிலிருந்து வந்தது. 'எமோ' 1980-களின் நடுவில் வாஷிங்டன் நகரத்து இசையிலிருந்து பிறந்தது. சோகத்தை ஒளிக்காமல் பாடலாம் என்பதுதான் இரண்டின் ஈர்ப்பும். அப்படிப் பாடுகிறவர்களைத் தேடிப்போகும் பிள்ளை பல நேரம் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள்.

உடையை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். தூக்கம் கெட்டிருக்கிறதா? சாப்பாடு குறைந்ததா? கறுப்பு உடைத் தோழிகளோடாவது பேசுகிறாளா, அவர்களிடமிருந்தும் விலகிவிட்டாளா? பிடித்த பொருளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறாளா? இவற்றில் சில இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஹூடியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வியர்த்துக் கொட்டும்போதும் வீட்டுக்குள்ளும் கையை மூடியே வைத்திருந்தால், கீறிக்கொண்ட காயம் இருக்கலாம். இழுத்துப் பார்க்காதீர்கள். 'கையை அறுத்துக்கிறியாம்மா?' என்று தனியாக, நிதானமாகக் கேளுங்கள். ஆம் என்றால் அழாமல், அதட்டாமல், 'எப்போதிலிருந்து?' என்று கேளுங்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கே எலி மருந்து, பூச்சி மருந்து, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டுங்கள். 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்), 104 (மாநில மருத்துவ உதவி எண்) இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்கிறாள் என்றால் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

நகப்பாலிஷைப் பிடுங்காதீர்கள். பள்ளிக்கு வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை ரிமூவர் கொடுங்கள், வெள்ளிக்கிழமை திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும்.

கே: எட்டாம் வகுப்பு மகள் பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவே கதி என்று இருக்கிறாள். சேமித்த பணமெல்லாம் அவர்கள் படம் போட்ட சின்ன அட்டையான போட்டோகார்டுக்குப் போகிறது. கொரியா போவேன் என்கிறாள்.
— ஓர் அப்பா, ஈரோடு

ப: 'போவேன்' என்பதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்து 13 வயதுச் சிறுமிகள் மூவர், விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி அந்தக் குழுவைப் பார்க்கப் போகலாம் என்று வீட்டில் சொல்லாமல் கிளம்பி, காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். பாஸ்போர்ட் என்றால் என்ன, விசா யார் கொடுப்பார்கள், டிக்கெட் எவ்வளவு என்று மகளோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஆசை திட்டமாக மாறினால் ஓடத் தோன்றாது.

போட்டோகார்டு வாங்குவதற்கு மாத வரம்பு வையுங்கள். உண்மையான கார்டு 55-க்கு 85 மில்லிமீட்டர், முனை வளைந்திருக்கும். விற்பவர் அன்றைய தேதியும் தன் கணக்குப் பெயரும் எழுதிய துண்டுத்தாளைக் கார்டு பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பாவிட்டால் பணம் போடக் கூடாது. பணம் உங்கள் போனிலிருந்து, உங்கள் கண்முன் போகட்டும்.

அவள் மொழி கற்கட்டும். 1446-இல் அறிவிக்கப்பட்ட ஹங்குல் எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டுப் பழக்கம். ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழிலிருந்து நேராகக் கற்கச் சொல்லுங்கள். டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வில் ஆறு நிலைகள் உண்டு. சென்னையில் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் கொரிய வகுப்பு நடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனங்கள் இருக்கும் மாநிலத்தில் அந்த மொழி வீணாகாது.

கே: பிளஸ் டூ பையன் மாற்றிய சைலன்சரோடு பைக்கில் பள்ளிக்குப் போகிறான். இதுவும் 'ஸ்டைல்' தானே?
— ஒரு தாத்தா, தாம்பரம்

ப: உரிமம் இல்லாத 18 வயதுக்குட்பட்டவன் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி வண்டி கொடுத்த பெரியவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சாவியை வாங்கி வையுங்கள் ஐயா.

கே: பெஞ்சிலும் கழிவறைச் சுவரிலும் கிறுக்குகிறார்கள் என்று திட்டு விழுகிறது. ஒரு சுவரை எங்களுக்கே கொடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்கப் போகிறோம். என்ன தயார் செய்ய வேண்டும்?
— மாணவர்கள், விழுப்புரம்

ப: வரைபடத்தோடு போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். 20 அடி அகலம், 8 அடி உயரச் சுவர் என்று வைத்துக்கொண்டால், 20 அங்குலத்துக்கு 8 அங்குலத் தாளில் முழுப் படத்தையும் வரைந்து அங்குலக் கட்டங்கள் போடுங்கள். சுவரில் அதே கட்டம் ஓர் அடி. நூல் பிடித்துச் சாக்பீஸில் கோடு போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினால் முகம் கோணாது. தாளிலேயே நான்கு விதிகளை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: ஆள் பெயர் கிடையாது, நடிகர் கிடையாது, கட்சி கிடையாது, சாதி அடையாளம் கிடையாது. இந்த வரிகளைப் பார்த்தாலே அவருக்குப் பாதிப் பயம் தீரும்.

160 சதுர அடிக்கு எக்ஸ்டீரியர் பிரைமர் 2 லிட்டர், அடி வண்ணமாக வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர், கலக்குவதற்கு இன்னொரு லிட்டர். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு ஒவ்வொரு லிட்டர். வெள்ளையில் ஸ்டெய்னர் (நிறம் ஏற்றும் சாயத் திரவம்) ஊற்றிக் கடும் சிவப்பு எடுக்கப் பார்க்காதீர்கள், ரோஸ்தான் வரும். அதிகம் ஊற்றினால் காயவே காயாது.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். முதலாவது, சுண்ணாம்பு அடித்த சுவர். உள்ளங்கையால் தேயுங்கள், வெள்ளை ஒட்டினால் சுண்ணாம்பு. சுரண்டி, இரும்பு பிரஷ் போட்டு, கழுவி, இரண்டு நாள் காயவிடாமல் பெயின்ட் அடித்தால் முதல் மழையில் தோல் உரிகிற மாதிரி உரிந்துவிடும். இரண்டாவது, அடியில் ஏறும் ஓதம். தரையிலிருந்து இரண்டடிக்குப் படம் வேண்டாம். அந்தப் பட்டையை ஒரே நிறத்தில் விட்டால் வருஷா வருஷம் அதை மட்டும் திருப்பி அடிக்கலாம். உச்சிவெயிலில் அடிக்காதீர்கள், வண்ணம் பரவுமுன் காய்ந்து பிரஷ் கோடு நிற்கும். ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மேலே வலது ஓரத்தில் நான்கு கட்டத்தைக் காலியாக விட்டுவையுங்கள், அடுத்த வருஷம் வரும் ஒன்பதாம் வகுப்புக்கு.